ஸ்குரூ முடுக்காத பலகைகள்

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு நல்ல சேதியைச் சொல்லி, பதிலுக்கு ஒரு நல்ல வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மகனுக்கு வேலை கிடைக்கப்போகிறது என்று யாராவது சந்தோஷமாக வந்து சொன்னால், "ஆர்டர் வரட்டும்" என்பார். ஆர்டர் வந்துவிட்டது என்றால், "போயி சேரட்டும்" என்பார். சேர்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, "ம், நல்லது" என்று ஒரு சொல் வரும். அதையும் கடையில் சில்லறை எண்ணித் தருவதுபோலத் தருவார். சொந்த ஊரான மணமேல்குடிக்குக் கிளம்பும்போது எப்போது போய்ச் சேருவீர்கள் என்று கேட்டால்கூட, "பஸ்ஸு போனா போவும்" என்றுதான் பதில். மணமேல்குடி என்ன நிலாவிலா இருக்கிறது? புதுக்கோட்டையில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும்.

"அந்தம்மா வாயில நல்லதே வராது" என்று தெருவில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு வாடகை வீடுகளில், ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் அவர்கள். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகவே மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் வாய்தான் அப்படி. கை வேறு மாதிரி.

விருந்தாளி வருகிறார்கள் என்று போன் வந்தால், "எங்க வரப்போறாங்க, அவங்க வந்த மாதிரிதான்" என்று சலித்துக்கொள்வார். அடுப்படியில் போய்ப் பார்த்தால் பூரிக்கு மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, ஈரத்துணி போட்டு மூடியிருக்கும். தேய்த்திருக்க மாட்டார். தாலுகா ஆபீசில் அவருக்குப் பதவி உயர்வு வருமா வராதா என்று இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பீரோவில் ஒரு புதுப்புடவையும், அதற்கு ஜாக்கெட்டும் தயாராக இருந்தன. ஜாக்கெட்டில் கொக்கி மட்டும் தைக்கவில்லை. உத்தரவு கையில் கிடைத்த அன்று சாயங்காலம், வாசல் படியில் உட்கார்ந்து கொக்கி தைத்தார். எல்லாவற்றையும் முக்கால்வாசி முடித்துவிட்டு, கடைசிக் கால்வாசியை மட்டும் நிறுத்தி வைப்பது அவர் வழக்கம். முழுதாக முடித்துவிட்டால் யாரோ பார்த்துக்கொண்டிருந்து தட்டிப் பறித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். அது யார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் கையில்தான் அந்த ஜிக் வந்து சேர்ந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் தம்பி ஒருமுறை லீவில் வந்தபோது தனக்கென்று வாங்கி வந்து, விட்டுவிட்டுப் போனது. உள்ளங்கை நீளத்துக்கு நீல நிறத்தில் ஒரு கட்டை. அதில் சரிவாக இரண்டு இரும்புத் துளைகள். பலகையின் ஓரத்தில் அதை வைத்து இறுக்கிக்கொண்டு, துளைக்குள் டிரில்லிங் மிஷினை விட்டால், பலகையில் சாய்வாக ஒரு குழி விழும். அந்தக் குழி வழியாக ஸ்குரூவை விட்டு அடுத்த பலகையோடு சேர்த்து முடுக்கினால், இரண்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குழி எல்லாம் அடிப்பக்கமோ பின்பக்கமோ போய்விடுவதால், வெளியே பார்க்கிறவர்களுக்கு ஸ்குரூவே தெரியாது. 'பாக்கெட் ஹோல் ஜிக்' என்று அதன் பெட்டியில் போட்டிருந்தது. அக்கா அதை ஜிக்கு என்பார். அவர் வீட்டுக்காரர், உரக்கடை வைத்திருப்பவர், நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் மட்டும் "ஒங்க அக்கா பலகைக்குப் பாக்கெட் தைக்கிறா" என்பார்.

யூடியூபில் பார்த்துத்தான் அக்கா கற்றுக்கொண்டார். முதலில் செய்தது ஒரு ஸ்டூல். முக்கால் இஞ்ச் பலகைக்கு வைக்கிற அளவை அப்படியே மெல்லிய பலகைக்கும் வைத்து, நீள ஸ்குரூவை விட்டதில், அதன் முனை உட்காரும் இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டது. இது அக்காவுக்குத் தெரியாது. மாமாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். அன்றிலிருந்து அக்கா எதைச் செய்தாலும், கொஞ்சம் பஞ்சை எடுத்து எல்லாப் பக்கமும் தேய்த்துப் பார்ப்பார். பஞ்சு எங்காவது சிக்கினால் அங்கே முனையோ சிலாம்போ இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி உப்புத்தாள் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வேண்டும். நைட்டிக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, மூக்குக் கண்ணாடியில் நூல் கட்டிக் கழுத்தில் மாட்டி, ஸ்குட்டி நிறுத்தும் இடத்தில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பலகை அசையாமல் இருக்க மாமா அதன் மறுமுனையில் உட்கார வேண்டும். பேப்பர் படித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், பாவம்.

அந்த ஜிக் அவர் சுபாவத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. பலகையை அறுத்து, குழிகளைப் போட்டு, உப்புத்தாள் தேய்த்து எல்லாம் முடித்த பிறகும், ஸ்குரூவை முடுக்காத வரைக்கும் அது வெறும் பலகைதான். சுவரோரம் வாரக்கணக்கில் சாய்ந்து கிடக்கும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா பலகை" என்பார். புத்தக அலமாரி என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டிருக்க முடியாது. மாமாவின் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுதான் அது அலமாரி ஆனது. அரை மணி நேரம் மிஷின் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் ஆளுயரத்துக்கு நிற்கிறது.

நான் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தது அந்த வருஷம்தான்.

முதல் இரண்டும் தங்கவில்லை. முதல் முறை, ஆசைப்பட்டு என் கணவர் கடையில் தொட்டில் வாங்கி வந்துவிட்டார். ஆறாம் மாதம் எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, பிளாஸ்டிக் கவர் பிரிக்காத அந்தத் தொட்டில் ஹாலில் நின்றுகொண்டிருந்தது. அதை யார் எடுத்துப்போனார்கள், எங்கே கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு, பிள்ளை பிறந்து வீட்டுக்கு வருகிற வரை ஒரு துண்டுத் துணிகூட வாங்கக்கூடாது என்று என் மாமியார் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் இது புதிதும் இல்லை. வளைகாப்புகூட மூன்றாவது முறை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

கணவர் அப்போது குவைத்தில் இருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள மாமியார் இலுப்பூர்ப் பக்கமிருந்து வந்து தங்கியிருந்தார். அவர் பேச்சு முழுக்க எதைத் தின்ன வேண்டும், எதைத் தின்னக்கூடாது என்பதுதான். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. யாராவது ஒருவர், இந்த முறை நல்லபடியாகப் பிறந்துவிடும் என்று சொல்ல வேண்டும். கணவர் போனில் தினமும் சொன்னார். ஆனால் தூரத்தில் இருப்பவர் வேறு என்னதான் சொல்வார் என்று அது மனதில் ஒட்டவில்லை. லேசில் ஒத்துக்கொள்ளாத ஒருவர் சொன்னால்தான் நம்புவேன் போல இருந்தது. அக்காவிடமே போய்க் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, நல்லபடியா பொறந்துரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நான் சொல்லி என்ன ஆகப்போவுது? சாப்ட்டியா நீயி?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. இப்போதும் சொல்வேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் குறைந்தா போய்விடும்?

அந்த இரண்டு வாரமும் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நமக்கு ஆறுதல் சொல்ல நேரமில்லை, மரத்தைக் குடைய மட்டும் நேரம் இருக்கிறது என்று மனதுக்குள் வைதேன். மரவாடியிலிருந்து வேப்பம்பலகை வாங்கி வந்திருந்தார்கள். நான் மாடிக்குத் துணி காயப்போடப் போனபோது, என்ன அது என்று கேட்காமலே, "செருப்பு ஸ்டாண்டு" என்று அவராகச் சொன்னார். வீட்டு ஓனரிடம் ஆபீசுக்கு ராக்கு என்று சொன்னாராம். என் மாமியாரிடம், "சும்மா பலகை பெரியம்மா" என்று முடித்துக்கொண்டார். அங்குதான் வினை வந்தது.

பங்குனி வெயில். அக்கா பலகைகளை மொட்டைமாடியில் வெயில் காட்டப் பரப்பி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போயிருந்தார். என் மாமியார் அன்றைக்குக் கூழ் வத்தல் போடக் கிளம்பினார். கொண்டுபோன வேட்டி பாதியிலேயே நிரம்பிவிட்டது. மிச்சக் கூழை என்ன செய்வது? பக்கத்தில் சும்மா பலகை சும்மாதானே கிடக்கிறது. அதிலும் வேப்பம்பலகை, எறும்பு வராது. கரண்டி கரண்டியாக எடுத்து அத்தனை பலகையிலும் ஊற்றிவிட்டார். குழிப் பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு குழிக்குள்ளும் கூழ் நிறைந்து, சாயங்காலத்துக்குள் கல்லாகிவிட்டது.

ஆபீசிலிருந்து வந்த அக்கா மாடி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன், சண்டை வரப்போகிறது என்று பயந்துகொண்டு. சண்டை வரவில்லை. வத்தலை உரித்து என் மாமியாரின் தாம்பாளத்தில் போட்டார். பிறகு தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து, வெயில் சூடு ஆறாத தரையில் உட்கார்ந்து, ஒரு குழியைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

ஒரு செருப்பு ஸ்டாண்டுக்காக யாரும் அப்படிக் கலங்க மாட்டார்கள். அப்போதுதான் நான் பலகைகளை ஒழுங்காகப் பார்த்தேன். நீளமாக இரண்டு, அதே உயரத்தில் குட்டையாக இரண்டு. காற்றுப்போக இடைவெளி விட்டு அடுக்குகிற மாதிரி சில பட்டைகள். முழங்கால் உயரத்துக்கு நாலு கால்கள். ஓரமெல்லாம் உருட்டித் தேய்த்து, எங்கேயும் ஒரு கூர்முனை இல்லை. கையால் ஒரு பலகையைத் தடவிப் பார்த்தேன், சாட்டின் துணிபோல் வழவழப்பு. மனதுக்குள் நாலு பக்கத்தையும் சேர்த்து நிறுத்திப் பார்த்தேன். அது தொட்டில்.

எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருப்பார். கேட்கவும் கூடாது. வாய்விட்டுப் பேர் சொல்லிவிட்டால் அது முதல் தொட்டில் மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கும் அவர் பயம் ஒட்டிக்கொண்டது. என் தலையிலிருந்தும் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செருப்பு ஸ்டாண்டுக்கு இம்புட்டு ஓட்டையாக்கா?" என்றேன்.

"செருப்புன்னா சும்மாவா. அங்கிட்டு நெழல்ல தள்ளி உக்காரு" என்றார்.

இருட்டும் வரை இரண்டு பேரும் குழி தோண்டினோம். அன்றோடு என் கோபம் போய்விட்டது. அந்த வருஷத்து வத்தலில் பாதி கசந்தது. என் மாமியார் கடைசிவரை அரிசியைத்தான் குறை சொன்னார்.

எட்டாம் மாதம் தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உதிரம் பட ஆரம்பித்தது. மாமியார் போட்ட சத்தத்தில் அக்கா சுவர் ஏறாத குறையாக ஓடி வந்தார். மாமா உரக்கடை லோடு ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஏறும்போது அக்கா தன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். கிழித்து மடித்த பழைய நூல்புடவைத் துணிகள், பிளாஸ்க், தம்ளர், சீப்பு, மாற்று நைட்டி எல்லாம் அதில் இருந்தன. எத்தனை நாளாக அந்தக் கதவுக்குப் பின்னால் தொங்கியதோ. ஜிப்பை மட்டும் அப்போதுதான் இழுத்து மூடினார்.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண். எடை மிகக் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பிறந்ததும் அழவில்லை என்றார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்து, பிறகு எடுத்து, பிறகு மறுபடி வைத்து, அந்த நாட்களை நான் விரித்து எழுதப்போவதில்லை. குழாயை எடுத்த பிறகும் அவள் அழுகை வெளியே வரவில்லை. முகத்தைச் சுளிப்பாள், வாயைத் திறப்பாள், பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். நுரையீரலுக்கு இன்னும் பலம் வரவில்லை, நன்றாகக் கத்தி அழுதால் எங்களுக்கும் நிம்மதி என்று டாக்டரம்மா சொன்னார். மற்ற தாய்மார்கள் பிள்ளை அழுகிறதே என்று கவலைப்பட்டார்கள். நானோ, இவள் அழவில்லையே என்று வார்டு வாசலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா தினமும் ஆபீஸ் விட்டு நேரே வந்தார். பால் சேதி கேட்பார், எடை கேட்பார், கண்ணாடி வழியாகப் பார்ப்பார். நன்றாகிவிடும் என்று அப்போதும் சொல்லவில்லை. எனக்கு அது இப்போது உறுத்தவில்லை. அவர் சொல்லாமல் இருப்பதே ஒரு நேர்த்திக்கடன்போலத் தோன்றியது. ஒருநாள் மட்டும், என் தலையைச் சீவிவிட்டுக்கொண்டே, "பலகையெல்லாம் நல்லா காஞ்சிருச்சு" என்றார்.

எடை ஏறி, பால் குடிக்கப் பழகி, ஒரு வழியாக வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அழுகை மட்டும் இன்னும் பலமாக வரவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. அந்தக் கடைசி வாக்கியத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் நான் வீடு வந்தேன். வாசலில் மாமியார் ஆலாத்தி எடுத்தார். கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குப் போய் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டிச் சத்தம், ஆள் சத்தம், எதற்கும் அவள் அசையவில்லை. மூச்சு விடுகிறாளா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

மாமியார் ஆலாத்தியைத் தெருவில் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள், அக்கா பலகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பின்னால் மிஷினோடு மாமா. கூடத்தில் துணியை விரித்து வரிசையாக அடுக்கினார்கள். என் மாமியார் குனிந்து பார்த்தார், பலகையை அடையாளம் கண்டுகொண்டார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஸ்குரூவுக்கு மிஷினை அழுத்தினார் அக்கா.

அந்த மூடிய கூடத்தில் அது பேய்ச் சத்தம். என் மடியில் மகளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. இரண்டு கையையும் விரித்தாள். முகம் சிவந்தது, பிறகு கறுத்தது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. அடுத்த நொடி வீறிட்டு அழுதாள். முனகல் இல்லை, அழுகை. தொண்டை கிழிய, கால் உதைத்து, தெருக்கோடிக்குக் கேட்கிற அழுகை. எதிர்வீட்டில் யாரோ என்ன ஆச்சு என்று கேட்பது காதில் விழுந்தது.

மிஷின் நின்றது. அக்கா கதவருகே வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை, கையில் மிஷின், முகத்தில் ஈயாடவில்லை. "புள்ள பயந்துருச்சே" என்றார். கையாலேயே திருகிக்கொள்கிறேன் என்று மாமாவிடம் ஸ்குரூ டிரைவர் கேட்டார். என் மாமியாரும் கூடத்திலிருந்து அதையே சொன்னார்.

என் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பும் வந்தது. மகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, விம்மி, மறுபடி கண்ணை மூடப் பார்த்தாள்.

"வேணாங்கக்கா" என்றேன். "மிஷின்லயே முடுக்குங்க. கதவைச் சாத்தாதீங்க."

அக்கா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். இரண்டாவது ஸ்குரூ. மகள் மறுபடி வீறிட்டாள், முன்னைவிடப் பலமாக. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் மிஷினும் அவளும் மாறி மாறிக் கத்தினார்கள். நான் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அழுதேன். நான் இத்தனை நாளும் நெஞ்சுக்குள் பிடித்துவைத்திருந்த மூச்சு அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

ஸ்குரூ எல்லாம் தீர்ந்தது. தொட்டில் கூடத்து நடுவில் நாலு காலில் நின்றது. மகள் அழுது ஓய்ந்து, கழுத்தில் சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து மிஷினை எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலுக்கு வந்தார். முடுக்க இனி எதுவும் இல்லை. இருந்தும் அதை மேலே தூக்கிப் பிடித்து, வெறும் காற்றில் இன்னொரு தடவை அழுத்தினார்.

"அழு ஆத்தா" என்றார். "நல்லா அழு."

அவள் அழுதாள்.